ஆவி பிடிக்கிற மெஷின்

தியாகதுருகம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி அன்சருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா ரோஷன் பீவி எழுதுகிறேன். நானும் சபாவும் அல்லாஹ் உதவியால் இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. இங்கே நாலு நாளாகக் கல்வராயன் மலைப் பக்கம் கருத்துக் கிடக்கிறது, ஊருக்குள் தூறலோடு சரி. உன் மச்சான் போன பிறகு வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, போன வாரம் கடையைத் திறந்துவிட்டேன்.

போனில் நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம். உன் மச்சான் பீடியை விட்டதையும், நீ கொடுத்த மெஷினை அதிகாரிகள் சோதனை போட்டு எடுத்துப் போனதையும், அவர் மறுபடி பீடிக்குப் போய் மவுத்தானதையும் என் கைப்பட எழுதி அனுப்பச் சொன்னாய். இ-சிகரெட் தடைச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் போடுகிற மனுவில் அதைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாய். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்தது நீ நினைப்பது இல்லை அன்சர். போனில் சொல்லலாம் என்றால் சபா பக்கத்திலேயே இருக்கிறாள்.

அந்த மெஷினை நீ கொண்டுவந்து கொடுத்தபோது, பீடி சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு உங்கள் ஊரில் டாக்டரே இதைச் சொல்கிறார் என்றாய். உன் மச்சான் இருபத்தாறு வருஷம் பீடி குடித்தவர். பதினைந்தே நாளில் விட்டார். இருமல் இல்லாமல் அவர் தூங்குவதைப் பார்த்து, மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அது இன்னா அத்தா என்று சபா அவரிடம் கேட்டாள். மகளிடம் சொல்ல அவருக்கு வெட்கம். நெஞ்சுச் சளிக்கு ஆவி பிடிக்கிற மெஷின் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமும் அப்படியேதான் சொன்னார்.

ஐப்பசி மழையில் சபாவுக்கு மூக்கடைப்பு. பதினொரு வயதுப் பிள்ளை. பாங்கு சொன்னதும் அவர் மெஷினை அலமாரியில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார் இல்லையா, அந்த நேரத்தில் எடுத்து ஆவி பிடித்திருக்கிறாள். முதல் நாள் வாந்தி எடுத்தாளாம். மாங்கா வாசன நல்லா இருந்துச்சும்மா, அதான் மறுபடி புடிச்சேன் என்றாள். என் கண்ணில் அவள் பட்டபோது சளி போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அத்தா சொன்னதை நம்பிய பிள்ளையை என்ன சொல்லி அடிப்பேன்? பூட்டி வைத்தேன். சாவியைத் தேடி எடுத்தாள். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாமே மகளுக்குப் பழக்கிவிட்டோம் என்று அந்த மனுஷர் நொந்தே போயிருப்பார்.

அந்த வியாழக்கிழமை குட்கா இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அவர் சரக்கெடுக்க உளுந்தூர்பேட்டை போயிருந்தார். கடையில் ஒன்றும் இல்லை. கிளம்பியவர்களை நிறுத்தி, வீட்டுக்குள் போய் மெஷினை எடுத்துவந்து மேசையில் வைத்தது நான்தான். இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்று தெரிந்துதான் கேட்டேன். வூட்ல வச்சிருக்கிறதே தப்பும்மா, நீங்களே குடுத்துட்டீங்க, கேஸு வாணாம் என்று எடுத்துக்கொண்டார் வந்தவர்களில் பெரிய அதிகாரி. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த பீடிக் கட்டுகளை அவர் தொடவில்லை. அதற்குத் தடை இல்லை.

திரும்பி வந்தவரிடம், சோதனையில் எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஒரு கட்டைப் பிரித்தார். இன்னொன்று கொடுத்தனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது, ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள் என்று தடுத்ததும் நான்தான். எட்டு மாதம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கடைசி நாள், ஆக்சிஜன் மாஸ்கை விலக்கிவிட்டு, அது போனதே நல்லது ரோஷா, பொம்பளப் புள்ள இருக்கிற வூட்ல அது இன்னாத்துக்கு என்றார். தெரிந்து சொன்னாரா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா? கேட்பதற்குள் நர்ஸ் மாஸ்கை மாட்டிவிட்டாள். இத்தா முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் சரியா தப்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மெஷின் இருந்திருந்தால் உன் மச்சான் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். அது இருந்திருந்தால் சபா என்ன ஆகியிருப்பாள்? நீ படித்தவன், மனு போடு. உன் மச்சான் பெயரை மட்டும் அதில் எழுதாதே. எழுதினால் விசாரிப்பார்கள், விசாரித்தால் பிள்ளை வரைக்கும் வரும்.

முந்தாநாள் சபாவுக்குச் சளி. நொச்சி இலை போட்டு வெந்நீர் கொதிக்கவைத்து, ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அத்தா மெஷின அவங்க எடுத்துக்கினு போவலன்னா அத்தா இருந்திருப்பாரு இல்லம்மா என்று கேட்டாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. ஆவி பிடித்தால் யாருக்கும் கொட்டும், அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

என்னைத் திட்டுவதானால் திட்டு. பேசாமல் இருப்பதானால் இரு. அவள் வளர்ந்து பெரியவளாகி வந்து கேட்டாலும், அதிகாரிகள்தான் எடுத்துப் போனார்கள் என்றே சொல். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துப் போடு. அல்லாஹ் உனக்கு நல்ல மூச்சும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

உன் அக்கா,
ரோஷன் பீவி