வெந்நீர்ப் பை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். "ஒரு வாய் தண்ணிக்குக் கெஞ்ச வேண்டியிருக்குடி" என்று நேற்று அழுதாள். கால் புண் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகமே நின்றுபோனது போதாதா? தண்ணீருக்குமா பஞ்சம்? நீங்கள் வேண்டுமென்றே செய்வதாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

கால் சில்லிட்டுப் போகிறதாம். ஒரு வெந்நீர்ப் பை அனுப்பியிருக்கிறேன். அதையாவது அவளிடம் கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

பை வந்தது. அத்தை அதைக் கையைவிட்டு இறக்குவதில்லை.

உன் கடிதத்தைப் படித்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. சிறுநீர் பிரியாதவர் குடிக்கும் தண்ணீர் எங்கே போகும்? உடம்பில் தங்கி நுரையீரலில் ஏறும். அதனால்தான் சின்ன டம்ளரில் அளந்து கொடுக்கிறேன். டயாலிசிஸுக்குப் போனால் முதலில் எடை பார்ப்பார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் எடை எகிறுகிறது. யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட வரும் நர்ஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். அத்தை அவளை மட்டும் மகராசி என்று கொஞ்சுகிறார். அவள் வந்தால் கதவருகிலேயே நிற்கிறேன். வீட்டிலேயே போலீஸ் வேலை பார்க்கிறேன் என்று உன் அண்ணன் சிரிக்கிறார்.

சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறதாம். அதுவரை மூச்சு முட்டாமல் காப்பாற்ற வேண்டும்.

உன் அண்ணி

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மூச்சு முட்டிவிட்டது. அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்தார்.

நர்ஸை நேராகவே கேட்டேன், இனி வர வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அம்மா வாயில ரப்பர் வாசனை வருதுக்கா" என்றாள்.

தினமும் சாயங்காலம் காலுக்கு என்று நானே பையை நிரப்பிக் கொடுத்தேன். காலையில் பாதிதான் இருக்கும். கசிகிறது, மட்டமான பை என்று உன்னைத் திட்டினேனே தவிர, படுக்கை நனையவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தையைக் கேட்டால், "என் மகதான் வழி சொன்னா" என்கிறார். மெய்யா? இல்லை என்று எழுது, நம்புகிறேன். பையைப் பிடுங்கப் போனால் என்னைக் கொலைகாரி என்கிறார்.

அண்ணி

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நான்தான் சொன்னேன். மருமகள் கையால் அம்மா தாகத்தில் சாகிறாள் என்று நம்பினேன். கொன்றிருப்பேன் அண்ணி. அந்த நர்ஸைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

நேற்று அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். பையைக் கொடுத்துவிடு, இனிமேல் அண்ணி அளந்து தருவதுதான் என்றேன்.

"உன்னையும் அவ மாத்திட்டாளா?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பையை எடுத்துவிடுங்கள். கேட்டால், பிடுங்கச் சொன்னது நான் என்று சொல்லுங்கள். அந்தக் கொலைகாரிப் பட்டம் இனி எனக்கே இருக்கட்டும்.

உங்கள் தங்கை