பக்கத்துல யாராவது தூங்குவாங்களா?

திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது. வியாதி இல்லை, பயப்படாதே. நிஜமாகவே எரிந்தது. சட்டைப் பாக்கெட்டில் இருந்த டார்ச் தானாக அழுந்தி, அதுவும் உச்ச வெளிச்சத்தில் அழுந்தி, ரொம்ப நேரமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை வேறு. பின்னால் நின்ற அம்மாதான், "அண்ணா, உங்க மார்ல இன்னாவோ வெளிச்சம் வருது" என்றது. குனிந்து பார்ப்பதற்குள் சூடு தோலுக்கு வந்துவிட்டது. நான் குதித்த குதியில் கையில் இருந்த மனு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். முன்னால் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "மலை மேல தீபம் ஏத்துற ஊரு இது, நெஞ்சுல ஜோதி தெரிஞ்சா கும்புடுறதுக்கு ஆளு இருக்குதுப்பா, ஜாக்கிரதை" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். "நீங்க இன்னா வேலைங்க பண்றீங்க?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. செங்கம் ரோட்டில் பதினெட்டு வருஷமாக டார்ச் விற்கிறவன் என்று எந்த வாயால் சொல்வது? "பிளம்பருங்க" என்று சொல்லிவிட்டேன்.

டார்ச்சைப் பாக்கெட்டில் போடுவதற்கு முன்னால் பின்மூடியை அரைத் திருகு தளர்த்திவிட்டால் எத்தனை அழுத்து அழுத்தினாலும் எரியாது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். எனக்கு இதைச் செய்துகொண்டிருந்தது நீ. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்து, திருகி, திரும்பப் போட்டுவிடுவாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் பெயரை ரேஷன் அட்டையிலிருந்து எடுக்கத்தான் அந்த வரிசையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த டார்ச்சை மேஜைக்குள் போட்டுவிட்டு உன்னுடையதை எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு பென்சில் பேட்டரி போடுகிற, விரல் நீளச் சின்ன டார்ச். பிடி வழுக்காமல் இருக்க அதன் மேல் கட்டம் கட்டமாக வரி போட்டிருப்பான் இல்லையா, அந்த வரிகளுக்குள் வெள்ளையாக மாவு காய்ந்து கிடக்கிறது. உன் இட்லி மாவு. கடையில் இருக்கிற அத்தனை டார்ச்சையும் பழைய பல்துலக்கி வைத்துத் துடைக்கிறவன், இதை மட்டும் தொடவில்லை. மோந்தால் இன்னும் லேசாகப் புளிப்பு வருகிறது. அல்லது வருகிற மாதிரி நினைத்துக்கொள்கிறேன்.

உனக்கு இந்த டார்ச் தேர்ந்தெடுத்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். ஆசிரமத்துப் பக்கம் வாடகை ரூம்காரர்களுக்கு நீ இட்லி மாவு விற்க ஆரம்பித்த புதுசு. காலை நாலு மணிக்கு எழுந்து, பொங்கின மாவில் உப்புப் போட்டுக் கலக்கி, கவரில் ஊற்றிக் கட்டவேண்டும். நம் வீட்டில் சமையல்கட்டுக்குக் கதவு கிடையாது. ட்யூப் லைட் போட்டால் நானும் பாப்பாவும் படுத்திருக்கிற இடம் வரைக்கும் பட்டப்பகல். அதனால் டார்ச் கேட்டாய். நான் பெரிய வியாபாரி இல்லையா, டப்பாவில் வெளிச்சத்துக்கு லூமென் என்று போட்டிருக்கிற எண்ணில் எது ஜாஸ்தியோ அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் நீ சுவிட்சை அழுத்தினாய். எடுத்த எடுப்பிலேயே உச்ச வெளிச்சம். அது எவர்சில்வர் குண்டானில் பட்டு, சுவரில் பட்டு, வீடே வெளுத்துப் போச்சு. பாப்பா "திருடன்! திருடன்!" என்று கத்தினாள். நான் போர்வையோடு எழுந்து வாசல் பக்கம் ஓடினேன். திருடனைப் பிடிக்க ஓடினேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு நீ சொன்னாய்: "லைட்டுனா மொதல்ல கம்மியா வரணுங்க. பத்தலைனா நாம ஏத்திக்கலாம். மொதல்லயே ஜாஸ்தியா வந்துட்டா, அப்புறம் கம்மி பண்ணி இன்னா, முழிச்சவங்க முழிச்சதுதான."

பத்தாவது தாண்டாத எனக்கு அன்றைக்குத்தான் இந்தத் தொழில் புரிந்தது. ஒரு டார்ச்சுக்கு மூன்று வெளிச்சம் எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. உச்சத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி இறங்கிவிடும், டார்ச்சின் உடம்பு சுடும், பக்கத்தில் இருக்கிற பொருளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். கம்மியில் வைத்தால் நாள் கணக்கில் எரியும், இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அதுவே தாராளம். நீ இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாய்: "காலடிக்கு கம்மி, கதவுக்கு நடு, நாய்க்கு ஜாஸ்தி." கடையில் இதை நான் என் சொந்தச் சரக்கு மாதிரி விட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நீ சோறு கொண்டுவரும் நேரத்தில் கடைக்கு ஆள் வந்தால் வியாபாரம் உன்னுடையது. எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். நீ அதைக் காதில் வாங்காமல், "பக்கத்துல யாராவது தூங்குவாங்களா?" என்று கேட்பாய். கீழ்பென்னாத்தூரிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு லைட் வாங்க வந்த ஒருத்தர், "எம்மா, நான் மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்ச லைட்டு கேட்டா, நீ பொண்ணு பார்க்க வந்த மாதிரி விசாரிக்கிறியே" என்றார். "வூட்டுக்குள்ளயும் இதத்தான எடுத்துக்குனு வருவீங்க" என்றாய். அவர் கம்மியில் ஆரம்பிக்கிறதையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வெளிநாட்டு அம்மாவும் ஞாபகம் வருகிறது. நரைத்த தலை, தோளில் ஜோல்னாப் பை. பாஷை தெரியாததால் நீ கன்னத்தில் கையை வைத்துத் தூங்குகிற மாதிரி காட்டி, யாராவது உண்டா என்று விரலை விரித்தாய். அவர் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலைத் தன் மார்பில் வைத்துக் காட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு எது வேணா குடுங்க. எழுப்பிட்டா கோவிச்சிக்கறதுக்கு ஆள் இல்ல" என்றாய். அன்றைக்கு அது எனக்கு ஒரு வியாபாரப் பேச்சு.

போன வாரம் பாப்பா ஓசூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தாள். விடிகாலையில் எழுந்து வந்தவள், நான் சமையல்கட்டில் உன் டார்ச்சைக் கம்மியில் வைத்துக்கொண்டு டீத்தூள் தேடுவதைப் பார்த்துவிட்டாள். "லைட்டப் போடேன்ப்பா. நீ மட்டும் இருக்கறப்பவும் இப்படித்தானா? யாரு தூங்குறா இங்க?" என்றாள். பழக்கம் என்றேன். டீ குடிக்கும்போது, "அம்மாவுக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதாப்பா? நீ பக்கத்துலதான படுத்திருந்த?" என்று கேட்டாள்.

"நான் தூங்கினா பொணம்மா. உனக்குத் தெரியாததா?"

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கஷ்டம். "அப்ப எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். கடைசியா போன்ல பேசறப்ப அதுக்கு மூச்சு வாங்குச்சு. வேலை அவசரத்துல நான்தான் கேக்காம வெச்சிட்டேன்" என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழு மாதமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

உனக்கு எழுதுவதால் இதில் நடிக்க முடியாது. நாலு மணிக்கு நீ எழுந்தால் எனக்கும் முழிப்பு வந்துவிடும். வெளிச்சத்தால் இல்லை, அது என் வரைக்கும் வராது. பாயில் உன் பக்கம் காலியானதால் வரும். முதலில் சோம்பேறித்தனம்தான். எழுந்தேன் என்று தெரிந்தால் வாளியைத் தூக்கச் சொல்வாய். அதனால் கண்ணை மூடிக் குறட்டை விடுவேன். "உங்கப்பா குறட்டை மத்த நேரத்துல லாரி மாதிரி இருக்குது, நாலு மணிக்கு மட்டும் நாதஸ்வரம் மாதிரி வருது" என்று ஒரு நாள் நீ பாப்பாவிடம் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போகப் போக அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. டார்ச்சை ஒரு டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்திருப்பாய். அந்தக் கம்மி வெளிச்சத்தில் நீ கல்யாணப் பெண் மாதிரி இருந்தாய் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். நீ நீயாகத்தான் இருந்தாய். நைட்டி மேல் துண்டு, மாவு படாத புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொள்வது, ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கவரைச் சுருட்டுவது. பகலில் என்னைக் கண்டதும் ஏதாவது வேலை சொல்கிற முகம், அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் எதுவும் சொல்லாமல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் படுத்துக்கிடந்தேன். ஐந்தரைக்கு அப்போதுதான் எழுந்தவன் மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டு வருவேன்.

அப்படித்தான் அதையும் பார்த்தேன். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்தாய். அரிசி டின்னில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாய். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் நீ என் பக்கம் திரும்பினாய். திரும்பி, டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாய். விரல் இடுக்கில் கொஞ்சம் சிவப்பு மட்டும் தெரிந்தது. நான் முழித்துவிடக் கூடாது என்று அந்த நேரத்திலும் வெளிச்சத்தைக் கம்மி பண்ணினாய். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? குறட்டை விட்டேன்.

இப்போது எழுந்தால் இத்தனை வருஷம் நடித்தது தெரிந்துவிடுமே என்று ஒரு வெட்கம். வளர்ந்த ஆம்பளைக்கு வந்த வெட்கத்தைப் பார். கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து வேலையைப் பார்த்தாய், எனக்கும் நிம்மதியாகிவிட்டது. அந்த வாரமே இன்னும் இரண்டு தரம். பகலில் சும்மா கேட்கிற மாதிரி, "உடம்புக்கு ஏதாவதா?" என்றேன். "வாய்வுங்க. நேத்து மொச்சக்கொட்டைக் கொழம்பு" என்றாய். மொச்சை நானும்தான் தின்றேன். ஆனாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், சோற்றுத் தூக்கோடு கடைக்கு வருகிற வழியிலேயே நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி நெஞ்சு வலி, தோள் வலி ஏதாவது இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். வரிசையில் பிளம்பர் என்று சொன்ன மாதிரிப் பொய் எனக்குப் புதுசு இல்லை, பார்த்தாயா.

இப்போதும் கடையில் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். பக்கத்துல யாராவது தூங்குவாங்களா? கேட்டுவிட்டு, கன்னத்தில் கையை வைக்கப் போய் இறக்கிக்கொள்கிறேன். உன் டார்ச்சை நடுவுக்கோ உச்சத்துக்கோ நான் இதுவரை ஏற்றவில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில், பாயில் உன் பக்கத்தைத் தாண்டும்போது இன்னும் காலடிக்கு மட்டும்தான் அடிக்கிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் பாப்பா போன் பண்ணினாள். சாப்பிட்டியா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். "அன்னிக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மா சொல்லியிருக்கும், இல்லப்பா?" என்றாள். டார்ச் என் கையில்தான் இருந்தது. பின்மூடியைத் திருகினேன், தளர்த்தினேன், திருகினேன். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். "அதெப்படிப்பா சொல்ற?" என்றாள். "சும்மா சொல்றேன், போய்ப் படு" என்றேன். அவள் வைத்துவிட்டாள். வைக்கிற சத்தம் கேட்ட பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் அன்றைக்குச் சொல்லாதது, அவளிடம் இன்றைக்குச் சொல்லாதது, இரண்டும் ஒன்றுதான்.

நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்.