லோத்தோங்கை நம்பியவன்

அக். 6, திங்கள்
மழை இல்லை. ஆலையில் இருபது வருட இரவு ஷிப்டுக்குப் பிறகு பகல் வேலையில் மூன்றாம் வாரம். இருமுறை தாமதம். மூன்றாவது முறை எச்சரிக்கைக் கடிதம். கடிதம் வந்தால் மறுபடி இரவுக்கே. மனைவி சரோஜாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின.
கிளினிக் டாக்டர்: "குரங்குக்கும் நமக்கும் உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் ஒண்ணுதான் அண்ணே. காலை வெளிச்சம் கண்ணுல படணும்." மாத்திரை தரவில்லை. ஏமாற்றம்.

அக். 7, செவ்வாய்
அலாரம், பிறகு சரோஜாவின் கை. 6.45க்கு நான்காம் மாடி நடைவழியில் நாற்காலி. எதிர் மரத்தில் லோத்தோங் குரங்குகள். அவற்றுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், எனக்குக் கறுப்பு. 6.58க்குப் பெரியது கண் திறந்தது. கொட்டாவி. பிறகு ஒவ்வொன்றாக. யாரும் யாரையும் திட்டவில்லை.

அக். 8
6.57. எங்கள் கெலுகோர் வட்டாரத்தில் இவ்வளவு நேரம் தவறாத குடும்பம் வேறில்லை.

அக். 9, வியாழன்
6.58. ஏழேகாலுக்கு எல்லாம் கார் நிறுத்துமிடத் தகரக் கூரையில் குதிக்கின்றன. செத்தவனும் எழுவான். அலாரத்தை அணைத்துவிட்டேன்.
"குரங்க நம்பி அலாரத்த ஆஃப் பண்றீங்களா?"
"டாக்டரே சொன்னாரு."
"டாக்டர் இதையா சொன்னாரு!"

அக். 10, வெள்ளி
விடியலிலிருந்து மழை, இருட்டு. கூரையில் யாரும் குதிக்கவில்லை. எழுந்தது 7.55. எட்டரை வேலைக்கு 8.52. சூப்பர்வைசர் தேவி காரணம் கேட்டார். மேகம் என்றேன்.
"என்ன லா மேகம்?"
முழுவதும் சொன்னேன்.
"இப்படி ஒரு காரணத்த நான் கேட்டதே இல்ல அண்ணே. கடிதம் என் மேசையிலயே இருக்கட்டும். திங்களும் லேட்டுன்னா மேல போயிரும்."
மாலையில் பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா: "எட்டரைக்குத்தான் குதிச்சுது, தம்பி." வெளிச்சம் வந்த பிறகு. அவற்றின் மேல் பிழை இல்லை. வானம் பார்த்து எழுகின்றன; ஆலை வானம் பார்ப்பதில்லை. மரியாதை கூடியது.

அக். 12, ஞாயிறு
விடுமுறை. 6.44க்குத் தானாக விழிப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

அக். 13, திங்கள்
மறுபடி மேகம். மூன்று அலாரம் வைத்திருந்தேன். மூன்றுக்கும் முன்னால், 6.40க்கு விழிப்பு. சரோஜா கோப்பியோடு வந்து நாற்காலியைப் பார்த்தாள்.
"யாரு எழுப்புனா?"
"யாருமில்ல."
மரத்தில் அசைவே இல்லை. தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி, வாய் திறந்தபடி தூக்கம். மோட்டார் சைக்கிளைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், சாலை முனையில்தான் ஸ்டார்ட் செய்தேன்.