டிரம்மில் ஊறும் பிளீச்சிங் பவுடர்

துவாக்குடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் பிரவீன்ராஜுக்குப் பெலிண்டா ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"சாம்பார் இருக்கு, சூடு பண்ணிக்குங்க. ஒயின் போடற எவர்சில்வர் டிரம்மை நீங்க சரியா கழுவாம விட்டதாலதான் போன கிறிஸ்மஸ் ஒயின் கெட்டுப்போச்சுன்னு நேத்து சொன்னேன். அதுக்கு அப்படிக் கத்தணுமா?"

அடியில் இடமில்லாமல், ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்: "பாத்ரூம்ல டிரம்ல பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊறவெச்சிருக்கேன். அதுல வினிகர் ஊத்திடாதீங்க, விஷப்புகை வரும். நான் வந்து கழுவிக்கிறேன்."

பஸ் பால்பண்ணை ஸ்டாப்பைத் தாண்டும்போதுதான், ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்த அவனுடைய மெசேஜைப் பார்த்தாள்: "சீட்டைப் பார்த்தேன். கத்தினது தப்புதான், ஸாரிம்மா. டிரம்மை நானே வினிகர் போட்டுக் கழுவிடறேன்."

ஓரத்தில் இருந்ததை அவன் படிக்கவில்லை. உடனே போன் போட்டாள். எடுத்ததும் இருமல்தான் கேட்டது.

"பாத்ரூமை விட்டு வெளிய வாங்க! மாடிக்கு ஓடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போனில் ஏதோ உருண்டு விழும் சத்தம். "ஏங்க, ஏங்க" என்று கதறிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில், மூச்சிரைப்புக்கு நடுவே குரல் வந்தது. "மாடிக்கு வந்துட்டேன் பெலிண்டா. கண்ணைத் திறக்க முடியல."

"அங்கேயே இருங்க" என்றபடி அவள் ஓடும் பஸ்ஸின் படிக்கட்டுக்கு வந்திருந்தாள்.