ஒரு தோட்டா என்றால் சரி

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று முழுக்க உடைந்த திரைகள். ஒரு போனில் தண்ணீர் புகுந்திருந்தது. திறந்ததும் மீன்தொட்டி வாடை. மாமா கடையின் முன்பக்கம் நின்று வருகிறவர்களிடம் பேசுகிறார், நான் திரைச்சீலைக்குப் பின்னால் மேஜையில் பிரித்து மாட்டுகிறேன். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் ஒரு போனுக்கு மைக் மாற்றினேன். மைக் மாற்றினால் பேசிப் பதிவுசெய்து, போட்டுக் கேட்க வேண்டும். அதை மட்டும் மாமாதான் செய்வார். "ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு, மாமியார் ஊருக்குக் கிளம்பியாச்சா?" எப்போதும் இதே வசனம். மாடியில் இருக்கும் அத்தைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்வார்.

நான் ஆடுகிற ஆன்லைன் கேமில் அறிவிப்பு வந்துவிட்டது. 24ஆம் தேதி பெரிய அப்டேட். புதுக் கிரகம், புது ஆயுதங்கள், நான்கு பேர் சேர்ந்து போகிற ஒரு பெரிய மிஷன். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மூழ்கிய சூரியன்’. முன்னோட்ட வீடியோவில் கடலுக்கு அடியில் ஒரு சூரியன் எரிகிறது. நான்கு தடவை பார்த்தேன். சரி, அதற்கும் மேலே இருக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

மாமா வெளியே போயிருந்தபோது கடை போன் அடித்தது. அது ஓயும்வரை டப்பாவில் திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, சனி

எங்கள் அணியில் நான்கு பேர். கேப்டன் அழகு நிலையம் நடத்துகிறார். பகலெல்லாம் மணப்பெண்களுக்குப் பூப்போல மேக்கப் போடுகிறவர், சண்டையில் இரக்கமே பார்க்க மாட்டார். லாரிக்காரர் லீவு நாட்களில் வருவார், எதையாவது மென்றுகொண்டே பேசுவார். பல் டாக்டருக்கு எல்லாவற்றுக்கும் பயம். கதவைத் திறக்கும் முன் "உள்ள என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று எல்லாரையும் கேட்பார். நாலாவது நான். பெயர் ‘நட்டு’.

அவர்கள் மூன்று பேரும் மைக்கில் பேசுவார்கள். நான் பேசுவதில்லை. ரொம்ப அவசியம் என்றால் டைப் செய்வேன், போன் ரிப்பேர் செய்கிறேன் என்று சொன்னதும் அப்படித்தான். தரையில் ஒரு தோட்டா சுட்டால் சரி. இரண்டு என்றால் வேண்டாம். தோட்டா தீரும்வரை சுட்டால் சிரிக்கிறேன் என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழகப் பழக வந்தது. அவர்களும் ஏன் பேசுவதில்லை என்று கேட்டதில்லை.

இன்று லாரிக்காரர், டாக்டர் பாலத்திலிருந்து விழுந்ததைப் பார்த்து, "டாக்டரே, கீழ யாருக்காவது பல்லு புடுங்கணுமா?" என்று கேட்டார். எனக்கு எல்லாத் தோட்டாவும் தீர்ந்துவிட்டது. "பாருங்க, தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான்," என்றார் கேப்டன்.

தம்பி. அவர்களாக வைத்துக்கொண்டது. நான் திருத்தவும் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

புது அப்டேட்டுக்கு என் கம்ப்யூட்டரில் இடம் போதாது. அதுவே மாமா கழித்துப்போட்ட நாலைந்து கம்ப்யூட்டர்களிலிருந்து நான் சேர்த்துக் கட்டியதுதான். மாமாவிடம் கேட்கத் தயங்கி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துத் துடைத்து அவர் பார்க்கும் இடத்தில் வைத்தேன். மாமா என்னையும் அதையும் பார்த்தார்.

"வேணும்னா வாயைத் தொறந்து கேக்கணும்."

தலையாட்டினேன்.

"தலையாட்டறதுக்கு டிஸ்க் கிடைக்காது."

"வேணும் மாமா."

"எடுத்துக்கோ. ரெண்டு வார்த்தை, ஒரு டிஸ்க். நல்ல வியாபாரம்."

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் கிளம்பும்போதே டவுன்லோட் போட்டுவிட்டேன். கடையிலிருந்து வந்து பார்த்தால் பாதிதான் ஆகியிருந்தது. அம்மா துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்து உட்கார்ந்தாள். திரையில் நகரும் கோட்டைப் பார்த்து, "இது என்ன, பொழுதன்னைக்கும் ஓடுது?" என்றாள்.

"ஒரு கிரகம் வருதும்மா."

"அது வர்றதுக்குள்ள நீ சாப்பிடு."

பிப்ரவரி 25, புதன்

அப்படி ஒரு அழகு. கடலின் அடியில் நகரம், மேலே மீன்கள் இல்லை, கப்பல்களின் அடிவயிறு. டாக்டர்கூடப் பயப்பட மறந்துவிட்டார். சும்மா நடந்தோம்.

பிப்ரவரி 28, சனி

பெரிய மிஷனுக்குப் போனோம். நடப்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மூழ்கிய சூரியனைச் சுற்றி நான்கு இருட்டறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒருவரை கேமே தேர்ந்தெடுத்து உள்ளே பூட்டுகிறது. நான்கு பேரும் ஒரு தடவை போயே ஆக வேண்டும். உள்ளே சுவரில் குறிகள் ஒவ்வொன்றாக மின்னி மறையும்: நிலா, முள், கண், படி, அலை. உள்ளே இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வெளியே இருக்கும் மூவரும் அதே வரிசையில் சுட வேண்டும். ஒன்று தப்பினால் எல்லாரும் சாவு, முதல் அறையிலிருந்து மறுபடியும்.

உள்ளே போகிறவரின் துப்பாக்கியைக் கேம் பிடுங்கிக்கொள்கிறது. டைப் செய்யவும் முடியாது.

முதல் அறை கேப்டனுக்கு. இரண்டாவது டாக்டருக்கு. மூன்றாவது எனக்கு.

நிலா மின்னியது. முள் மின்னியது. "தம்பி, சொல்லு. என்ன தெரியுது?" என்றார் கேப்டன். மைக் ஆன் ஆகித்தான் இருந்தது. வாயையும் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் செத்தோம்.

மறுபடி. மறுபடி. நான்காவது தடவை லாரிக்காரர், "தம்பிகிட்ட மைக் இல்லையோ என்னவோ. விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். அவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

கேப்டன் தனியாகச் செய்தி அனுப்பினார். என்ன பிரச்சினை என்று கேட்டார். மைக் ரிப்பேர் என்று டைப் செய்தேன்.

"போன் ரிப்பேர் பண்ற ஆளு நீ. உனக்கே மைக் ரிப்பேரா?"

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

என்ன பிரச்சினை என்றால் — என் குரல்தான் பிரச்சினை. எழுதுவதற்கென்ன, இங்கே யார் படிக்கப் போகிறார்கள். பன்னிரண்டு வயதில் தொண்டை கட்டியது போல ஆனது, அப்படியே நின்றுவிட்டது. தடித்த குரல், ஆம்பளைக் குரல். அப்போது காட்டிய தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல வியாதி எதுவும் இல்லம்மா, இவ குரலே இதுதான்," என்றார். அம்மா அதற்கு வியாதியே இருந்திருக்கலாம் என்பது போல் பார்த்தாள். போனை எடுத்தால் "தம்பி, அம்மா இல்லையா?" என்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எங்களுடையது பெண்கள் பள்ளி. வராந்தாவில் போன வேறொரு டீச்சர் எட்டிப் பார்த்து, "இங்க பையன் யாரு?" என்று கேட்டார். கேலிக்கு இல்லை. நிஜமாகவே தேடினார். அதுதான். கேலி செய்திருந்தால்கூடப் போய்த் தொலையட்டும் என்று இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு என் பெயர் ‘சார்’. நான் வகுப்புக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். வருகை எடுக்கும்போது வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினேன். அதற்கும் சிரிப்பு. ஒரு வாரம் காய்ச்சல் வந்தது, விட்டது, நான் திரும்பிப் போகவில்லை. அம்மா அடித்தாள், அழுதாள், பிறகு மாமாவிடம் கொண்டுவந்து விட்டாள்.

இந்த மூன்று பேருக்கும் அந்தக் குரல் தெரியாது. அவர்களுக்கு நான் நட்டு. அதை ஏன் கெடுத்துக்கணும்? ஆனா பேசலைன்னா அதுவும் போயிடுமே.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் பெண்ணின் அண்ணன் இந்த கேம் ஆடுவானாம், மைக் இருக்கிறதாம். டாக்டர் ரொம்பச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். "இந்த மிஷனுக்கு மட்டும்தான் தம்பி. மத்ததுக்கெல்லாம் நீதான்."

ஒரு தோட்டா சுட்டேன். சரி.

"சரியெல்லாம் இல்ல," என்றார் கேப்டன். "ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ நாம நாலு பேரும் போறோம். அன்னிக்கும் ஆகலைன்னா அப்புறம் பேசலாம்."

மார்ச் 5, வியாழன்

மாமா சாமான் வாங்கப் போன நேரத்தில், சார்ஜ் போர்ட் மாற்ற வந்த ஒரு போனை எடுத்து ரெக்கார்டரைப் போட்டேன். "நிலா," என்றேன். போட்டுக் கேட்டேன். உடனே அழித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் அறையே எனக்கு. யோசிக்க நேரமில்லாதது நல்லதாகப் போயிற்று.

"கண்," என்றேன்.

அந்தப் பக்கம் சுடும் சத்தம். "அலை. முள். முள். நிலா." கதவு திறந்தது.

நான் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றத் தயாராகக் கையை வைத்திருந்தேன்.

"அட, தம்பி குரல் கணீர்னு இருக்கே!" என்றார் லாரிக்காரர். "ரேடியோல செய்தி வாசிக்கலாம். இவ்வளவு நாளா இதை வெச்சுக்கிட்டா தரையில சுட்டுக்கிட்டு இருந்தே?"

"சத்தத்துல கூடத் தெளிவா கேக்குது," என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. நான்காவது அறையில் லாரிக்காரர் வாயில் எதையோ வைத்துக்கொண்டு "அலை" என்று சொல்லப்போய் புரையேறி எல்லாரும் செத்தோம். கேப்டன் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிறு மறுபடியும். அந்த அண்ணன்காரன் வேண்டாமாம்.

அம்மா, "என்னடி, தனியா சிரிக்கிறே?" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

அந்தக் ‘கணீர்’ தம்பிக்குச் சொன்னது. எனக்கு இல்லை.

மார்ச் 12, வியாழன்

சின்னச் சண்டைகளுக்குத்தான் போனோம். நானும் பேசினேன், நாலைந்து வார்த்தை. இடது பக்கம். பின்னாடி. வர்றேன். பேசப் பேசச் சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் லாரிக்காரர், "தம்பி, மீசை முளைச்சிருச்சா? குரலைப் பாத்தா முறுக்கற அளவுக்கே இருக்கும் போல," என்றார். பழக்க தோஷத்தில் தோட்டாவைத் தீர்த்தேன். ஆனால் நான் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அந்தச் சத்தத்தில் பொய் சொன்னேன்.

இப்படியே விட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த டீச்சர் தேடிய பையன் கடைசியில் இங்கே வந்து சேர்ந்துவிட்டான், எல்லாருக்கும் அவனைப் பிடித்தும் இருக்கிறது. சொன்னால்? மறுபடியும் ‘சார்’ ஆகிவிட்டால்? இவர்கள் எழுந்து நிற்க மாட்டார்கள்தான். ஆனாலும் மைக்கில் ஒரு மாதிரி அமைதி வருமே, அது எனக்குத் தெரியும்.

அப்போ யாருடி அங்க போய் விளையாடறது? நீயா, அவனா?

மார்ச் 15, ஞாயிறு

கேப்டன் முதல் அறை. லாரிக்காரர் இரண்டாவது, இன்று அவர் வாயைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பது கேப்டன் உத்தரவு. டாக்டர் மூன்றாவது. நான்காவது எனக்கு.

நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. எல்லார் மூச்சும் மைக்கில் கேட்டது. அறை பூட்டிக்கொண்டது, துப்பாக்கி போனது, இருட்டு.

"படி," என்றேன். "கண். கண்."

"சீக்கிரம், தம்பி, சீக்கிரம்," என்றார் லாரிக்காரர்.

"தம்பி இல்ல, தங்கச்சி. நிலா. அலை."

அதை அந்த இடத்தில் சொல்லவேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. வந்துவிட்டது. யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. சுட்டார்கள். கதவு திறந்தது. கடல் முழுக்க ஆட, அந்தச் சூரியன் அடியிலிருந்து மெல்ல எழுந்து, எங்களைத் தாண்டி மேலே போயிற்று. தண்ணீரெல்லாம் மஞ்சள். நாங்கள் நால்வரும் அண்ணாந்து நின்றோம். என் கைக்குத் துப்பாக்கி திரும்பி வந்திருந்தது.

மைக்கில் அமைதி. நான் பயந்த அதே அமைதி.

பிறகு லாரிக்காரர், "நாலாவதா என்னமோ சொன்னியே. தங்கச்சின்னு ஒரு குறி நான் பாக்கவே இல்லயே," என்றார்.

"யோவ்," என்றார் கேப்டன். "அது குறி இல்ல." பிறகு என்னிடம், "நெஜமாவா?"

"ம். என் குரலே இப்படித்தான் அக்கா."

"ஐயையோ," என்றார் டாக்டர். "நான் இத்தனை நாளா வாடா போடான்னு—"

"பரவால்ல டாக்டர்."

"மீசையைப் பத்தி வேற கேட்டுத் தொலைச்சிருக்கேன்," என்றார் லாரிக்காரர். அவர் குரல் சின்னதாகியிருந்தது.

அப்போது கேப்டன் துப்பாக்கியைத் தாழ்த்தித் தரையில் சுட்டார். ஒரே ஒரு தோட்டா. அடுத்து டாக்டர், ஒன்று. லாரிக்காரர், ஒன்று.

நானும் ஒன்று சுட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வந்துருவியா தங்கச்சி?" என்றார் லாரிக்காரர், போகும்போது. ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது.

மார்ச் 17, செவ்வாய்

மாமா டீ குடிக்கப் போயிருந்தார். நேற்று மைக் மாற்றிய போனுக்கு உரியவர் வந்துவிட்டார், ஒரு அம்மா, கையில் குழந்தை, அவசரமாகப் போக வேண்டுமாம். டெஸ்ட் பண்ணாமல் கொடுக்கக் கூடாது. மாமா வரட்டும் என்று சைகை காட்டப் போனேன். பிறகு திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, ரெக்கார்டரை அழுத்தி, "ஹலோ, நிலா, முள், கண், படி, அலை," என்றேன். அவர் எதிரிலேயே போட்டுக் கடைசிவரை கேட்டேன். இரைச்சல் இல்லை.

"யாரு பேசினது, நீயா?" என்றார் அந்த அம்மா.

"நான்தான்கா."

"நல்லாக் கேக்குது," என்று வாங்கிக்கொண்டு போனார். குழந்தைதான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மாமா வந்ததும், "மைக் டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டியா?" என்றார்.

"பண்ணிட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார். இன்னொரு போனை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அப்போ இதுக்கும் நீயே பேசிடு. மாமியாரைப் பத்தி மட்டும் கேக்காத, அது என் வசனம்."

இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அந்த அம்மாவின் போனில் என் குரலை அழிக்காமல் கொடுத்துவிட்டேன். இருக்கட்டும்.