அரை சைஸ்

மார்ச் 4, செவ்வாய்

பழைய ஸ்கேட்ஸில் கால் நுழையவே மாட்டேன் என்கிறது. ஐந்து வருடம் அதைப் போட்டுக்கொண்டுதானே ஐஸ் ஹாக்கி ஆடினேன்! வேறு வழியில்லாமல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாதத்தை அளந்தார். "அரை சைஸ் கூடியிருக்கும்மா. பிள்ளை பெத்தா சிலருக்கு இப்படி ஆகும், அப்புறம் குறையாது. வீட்ல குழந்தை இருக்கா?"

"பொண்ணு. ஏழு மாசம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆகஸ்டில் மூச்சில்லாமல் பிறந்தவளுக்கு இப்போது ஏழு மாதம் ஆகியிருக்கும். கணக்கு சரிதான். ஆனால் அந்த மனுஷன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

புது ஸ்கேட்ஸை அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் சூடாக்கி, அந்தச் சூட்டோடு என் காலில் மாட்டிவிட்டார். "அசையாம உக்காருங்க, காலோட அச்சு விழட்டும்." அது ஆறும்வரை அவளைப் பற்றியே பேசினோம். "தூங்க விடுறாளா?" "எங்க விடுறா!" வீட்டில் அவள் பேச்சே கிடையாது. நான் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

மார்ச் 6

தூங்க விடுவதில்லை என்றேனே, அது பொய்யில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பயிற்சி. மானம் போயிற்று. புது ஸ்கேட்ஸின் அடியிலுள்ள பிளேடு ஆளை முன்னால் தள்ளுகிறது. பழைய பழக்கத்தில் எடையைப் போட்டேன், குப்புற விழுந்தேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா! கோல் காப்பவள் அந்தக் கோடியிலிருந்து கத்துகிறாள்: "என்னடி, ஐஸுக்கு முத்தம் குடுக்கவா வந்தே?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிளேடை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? அவள் வந்து போன பிறகு என் உடம்பின் எடை எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் வலது கணுக்காலில் தோல் உரிந்திருக்கிறது.

மார்ச் 11

மறுபடியும் கடை. ஸ்கேட்ஸில் கணுக்கால் எலும்பு உரசும் இடத்தை வெளிப்பக்கமாகப் புடைக்க வைத்துக் கொடுத்தார். "குட்டி தவழுறாளா?" தவழ்கிறாள் என்றேன். "முன்னாடியா, பின்னாடியா?" "பின்னாடி." "எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

வலி போய்விட்டது. ஆனாலும், அடுத்து இடது கால் உறுத்துகிறது என்று சொல்லிக்கொண்டு போகலாமா என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன். வெட்கமா இல்லையாடி உனக்கு? இல்லை. அந்த ஒரு கடையில்தான் அவள் வளர்கிறாள். எனக்கு அவள் வேணும். வேற என்ன சொல்ல?

மார்ச் 16

இன்று விழவில்லை, தடுமாற்றம் மட்டும். "முழங்காலை இன்னும் மடக்கு, நாற்காலியில உக்கார்ற மாதிரி. பயந்து நிமிரும்போதுதான் கவுந்துடுறே" என்றார் கோச். சனிக்கிழமை மேட்ச். பிளேடைத் தீட்டக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஐயோ.

வேலை முடிந்து வந்தால் ஸ்கேட்ஸ் மேசைமேல் இருக்கிறது. "வர்ற வழிதானே, நானே வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார் இவர். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டார்."

தொலைந்தேன் என்று நினைத்தேன். ஏழு மாதமாக அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர். இனி என் முகத்தில் முழிப்பாரா?

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"கீழ ரெண்டு பல்லு வந்திருக்குன்னு சொன்னேன்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாத மனுஷன், ஸ்கேட்ஸ் பையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

மார்ச் 22, சனி

தோற்றோம். ஆனால் நான் ஒரு தடவைகூட விழவில்லை. பின்னோக்கிக்கூட ஓடினேன்.

கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சேர்ந்தே போகலாம் என்கிறார் இவர்.

சாப்பிடும்போது அவள் மூக்கு யாருடையது என்று எங்களுக்குள் சண்டை. என் மூக்கேதான் என்று நான் அடித்துச் சொன்னேன். "சும்மா இரு. நீ மயக்கத்துல ஒரு நிமிஷம் பாத்தே. விடியற வரைக்கும் கையில வெச்சிருந்தவன் நான்" என்றார்.

அது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

சோறு காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தோம். "இன்னும் சொல்லுங்க" என்றேன்.