ரனீமுக்கு என் குரல்

அக்டோபர் 6

தலைநகரிலிருந்து காபெஸ் ஊர்ப் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு இன்றுதான் வேலையில் ஒரு நிறைவு. ரனீமின் பேசும் பலகை தயார். எட்டு வயது, வாயில் சொல் வராத பெண். இனி படத்தைத் தொட்டால் போதும், பலகை பேசும். தண்ணீர், வலிக்கிறது, உம்மி — அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள் — எல்லாம் என் குரலில் நானே பதிந்தேன். தலைநகர்ப் பேச்சு, அப்பழுக்கில்லாமல்.

அக்டோபர் 20

அவள் வீட்டுக்குப் போனேன். பலகை துணி சுற்றி அலமாரி மேல் கிடக்கிறது! தாய் லத்தீஃபா மாதுளை உதிர்த்துக் கொடுத்துவிட்டு மழையைப் பற்றியே பேசினாள். ரனீமின் கண் அலமாரியை விட்டு நகரவில்லை. வந்த கோபத்தில் மையத்துக்குப் போன் செய்து, இவர்களுக்கு அருமை தெரியவில்லை, வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 21

வெள்ளிக்கிழமை நானே போய் வாங்கி வர வேண்டுமாம்.

அக்டோபர் 24

லத்தீஃபா மறுக்கவில்லை. துணியோடு நீட்டினாள். ஒரு நாளாவது கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ.

"முதல் நாளே கொடுத்தேன் மேடம். உம்மின்னு கூப்பிட்டா. உங்க குரல்ல. எம்மக பேசினா எப்பிடி இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு குரல் வச்சிருந்தேன். இப்ப அத நெனச்சாலும் உங்க குரல்தான் கேக்குது."

நான் என்ன காரியம் செய்துவிட்டேன்? எந்தக் குரல் வேண்டும் என்று ரனீமைக்கூடக் கேட்கவில்லையே. வாய் பேசாதவளிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன் — இதுதானே என் படிப்பு!

இன்று கேட்டேன். ரனீம் முற்றத்தைக் காட்டினாள். அங்கே அவள் பெரியப்பா மகள் ஷிராஸ் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கரகரத்த தொண்டை, அசல் காபெஸ் பேச்சு.

அக்டோபர் 27

தப்பு என்னுடையது, பலகை அங்கேயே இருக்கட்டும் என்று மையத்தில் சொன்னேன். அதை எதிர்பார்த்திருந்த இன்னொரு பிள்ளை இனி காத்திருக்க வேண்டும். அதுவும் என்னால்தான்.

என் பதிவை எல்லாம் அழித்தாயிற்று. லத்தீஃபாவின் காதிலிருந்து எப்படி அழிப்பது?

நவம்பர் 10

முற்றத்தில் நிற்கும்போதே ஷிராஸின் குரல் கேட்டது. உம்மி, உம்மி, உம்மி. ஆனால் ஷிராஸ் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம்.

சமையலறையிலிருந்து லத்தீஃபா சத்தம் போட்டாள். "ஏண்டி ரனீம், காது போகுது. செத்த நேரம் வாய மூடு, வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ரனீம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் பலகையை அழுத்தினாள்.